டைபாய்டும் இல்லை, குடல்வாலும் இல்லை

போன மாதம் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார்: "என்னதான் சொல்லுங்க, சின்னப் பிள்ளைங்கள அந்தக் கொரோனா ஒண்ணும் பண்ணல சார். பெரியவங்களத்தான் கொண்டுபோச்சு." மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் கத்தியிருப்பேன். கத்துகிறவன் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வீடு தலத்தெருவில். மனைவி மாலதி நெடுங்காட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரே மகள் இனியா. இது நடந்தபோது அவளுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம். அப்பாவும் அண்ணன் குடும்பமும் திருநள்ளாற்றில் இருக்கிறார்கள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு எள் விளக்கும் நல்லெண்ணெயும் விற்கிற கடை அவர்களுடையது.

கொரோனா இரண்டாம் அலை வடிந்துகொண்டிருந்த நேரம். பல வாரங்கள் சாத்திக் கிடந்த கடையை அப்போதுதான் திறந்திருந்தார்கள். திறந்த நாலாவது நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். மறுநாள், "எண்ணெய் வாசனையே தெரியலடா" என்றார். அவருடைய அறுபத்தெட்டு வயதில் பாதிக்கு மேல் அந்த எண்ணெய் டின்களுக்கு நடுவே கழிந்திருக்கிறது. அவருக்கு வாசனை தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"டெஸ்ட் கிஸ்ட்னு எவனும் பேசக்கூடாது" என்றான் அண்ணன். "நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எவன் நம்ம கடையில வந்து எண்ணெ வாங்குவான்?"

நான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் அங்கேதான் இருந்தோம். அப்பாவை மாடி அறையில் படுக்க வைத்திருந்தோம். யாரும் பார்க்காதபோது இனியா மாடிக்கு ஓடி அவரோடு உட்கார்ந்து கைப்பேசியில் படம் பார்த்திருக்கிறாள். அப்பா பத்து நாளில் எழுந்துவிட்டார். இனியாவுக்கு ஒரு நாள் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். தப்பித்தோம் என்று நினைத்தோம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்றிரண்டு. காய்ச்சல் மருந்து கொடுத்தால் இரண்டு மணி நேரம் தணிந்து மறுபடி ஏறியது. செவ்வாய்க்கிழமை ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. டாக்டர் நாற்பது வயதுக்காரர், வேகமாகப் பேசுபவர். நாக்கையும் தொண்டையையும் பார்த்தார். எழுதிக்கொண்டே கேட்டார்:

"வீட்டுல யாருக்காவது சமீபத்துல கோவிட் வந்துச்சா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

மாலதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைரஸ் எப்படிப் பரவும் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"அது முடிஞ்சுபோன கதை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அண்ணன் காதுக்குப் போனா வீட்டுல சண்டைதான்."

அவள் மேலே பேசவில்லை. என் வீட்டு மனிதர்களைப் பற்றி என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று ஏழு வருடத்தில் அவளுக்குப் பழக்கப்படுத்தியிருந்தேன்.

புதன்கிழமை நூற்றிமூன்றைத் தாண்டியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். மறுபடி அதே டாக்டர். ஓர் இரத்தப் பரிசோதனை, டைபாய்டு என்று முடிவு. உள்நோயாளியாகச் சேர்த்து ஊசி போடத் தொடங்கினார்கள்.

மாலதி அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள். வியாழக்கிழமை காலையில் டாக்டர் சுற்றுக்கு வந்தபோது சொன்னாள்: "கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு பாருங்க டாக்டர். பீளையும் இல்ல."

"அழுதிருப்பா."

"அழுவுறதுக்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லீங்க. வயித்துல, தொடையில எல்லாம் செவப்பா திட்டுத் திட்டா இருக்கு. ஒதட்டப் பாருங்க, வெடிச்சுப்போயிருக்கு."

"காய்ச்சல்ல ஒதடு காயத்தாம்மா செய்யும். அது சூட்டுத் தடிப்பு. நீங்க கூகுள் பண்ணிப் பாத்துட்டு வந்து என்னைக் கேக்காதீங்க."

மாலதி கூகுளில் எதையும் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள், அவ்வளவுதான். சிவந்த கண், தடிப்பு, வெடித்த உதடு, அடங்காத காய்ச்சல், வயிற்று வலி ஆகிய ஐந்தையும் அவள் ஒரே மூச்சில் அவரிடம் சொன்னாள். பிறகு வேறோர் ஊரில் வேறொரு டாக்டர், "எதை வச்சுச் சந்தேகப்படணும்னு புத்தகத்துல இருக்கோ, அத்தனையும் இந்தம்மா சொல்றாங்க" என்றபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்றுவரை குறையவில்லை. நெடுங்காட்டுப் பெண், பன்னிரண்டாவது வரை படித்தவள், சேலையில் வாந்திக் கறையோடு நின்றவள். அதனால்தானே அவள் சொன்னது காதில் ஏறவில்லை?

அன்று மதியம் வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது, நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். இன்னொரு டாக்டர் வந்தார், அறுவை சிகிச்சை செய்பவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். இனியா முனகினாள். "அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கு, குடல்வால் வீக்கம். நாளைக்குக் காலையில எடுத்துடலாம்" என்றார். டைபாய்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதுவும் இருக்கலாம்" என்றார்.

அறுவை சிகிச்சைக்கு முன் மூக்கில் குச்சி விட்டுக் கொரோனா பரிசோதனை கட்டாயம். எடுத்தார்கள். இல்லை என்று முடிவு வந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்கிற மாதிரி மாலதியிடம் அதை நீட்டினேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். வைரஸ் வந்து போய் ஐந்து வாரம் ஆன பிறகு மூக்கில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை இனியாவைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்க வந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. கதவுக்கு வெளியிலேயே படுக்கையை நிறுத்தச் சொன்னார். இனியாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். நகத்தை அழுத்தி விட்டு, இரத்தம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். கண் இமையை விலக்கினார். இரத்த அழுத்தம் இரண்டு முறை எடுத்தார். அப்புறம் நிமிர்ந்து எங்களிடம் கேட்டார்:

"இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி சளி, காய்ச்சல் ஏதாவது? வீட்டுல யாருக்காவது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாலதி பேசிவிட்டாள்.

"இவளோட தாத்தாவுக்குக் கொரோனா வந்துச்சுங்க. டெஸ்ட் எடுக்கல. மறைச்சுட்டோம். இவ அவருகூட ஒரே கட்டில்ல ஒக்காந்திருந்தா. அஞ்சு வாரம் ஆச்சு. இவங்க டாக்டர்கிட்ட இல்லன்னு சொல்லிட்டாங்க."

இவங்க என்றபோது அவள் விரல் என்னைக் காட்டியது. அங்கே இரண்டு நர்சுகளும் ஒரு வார்டு ஊழியரும் நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. உள்ளே போய்ப் பேசினார். குரல்கள் உயர்ந்தன. "இந்த பீபியில நான் மயக்க மருந்து குடுக்க மாட்டேன் சார். ஹார்ட் எக்கோ பாக்காம யாரும் கத்தியத் தொடக்கூடாது" என்று அவர் சொன்னது கதவைத் தாண்டிக் கேட்டது. அடுத்த கால் மணி நேரத்தில் அவரே வந்து, பாண்டிச்சேரியில் பெரிய மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே தன்னோடு படித்தவர் ஒருவரிடம் பேசிவிட்டதாகவும் உடனே கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார். கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் முதல் வரி, தாத்தாவுக்கு ஐந்து வாரங்களுக்கு முன் கோவிட் அறிகுறிகள் இருந்தன என்பது. நான்கு நாளும் எந்தத் தாளிலும் இல்லாத வரி.

கிளம்பும் நேரத்தில் பில் கட்டும் இடத்தில் நிறுத்தினார்கள். நடக்காத அறுவை சிகிச்சைக்கு ஆபரேஷன் தியேட்டர் தயார் செய்த கட்டணம் என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். வெளியே ஆம்புலன்ஸ் விளக்கு சுழன்றுகொண்டிருக்கிறது, உள்ளே நான் அந்த வரியைக் காட்டி ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். "சிஸ்டத்துல வந்துடுச்சு சார், மாத்த முடியாது." கட்டினேன். கட்டாமல் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக முடியாதா என்று சண்டை போடும் தைரியம் எனக்கு அன்று இல்லை. அந்த ரசீதை வைத்திருக்கிறேன்.

காரைக்காலை வரைபடத்தில் பார்த்தவர்களுக்குப் புரியும். எங்கள் தலைநகரத்துக்குப் போக வேண்டுமென்றால் இன்னொரு மாநிலத்தைக் கடந்துதான் போக வேண்டும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர். எல்லைச் சோதனைச் சாவடியில் தாள் கேட்டார்கள். மாலதி கண்ணாடி வழியாகப் பிள்ளையின் முகத்தைக் காட்டினாள். காவலர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்னால் நின்ற லாரியை ஒதுங்கச் சொல்லிக் கையாட்டினார். அந்த நூற்றி முப்பது கிலோமீட்டரும் இனியா கண்ணைத் திறக்கவில்லை. மாலதி அவள் காதருகில் குனிந்து பள்ளிக்கூடப் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்களுக்கு விளக்கியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு டாக்டர். மெதுவாகப் பேசினார். அவர் சொன்னதை என் வார்த்தைகளில் தருகிறேன், யாருக்காவது உதவும்.

சில குழந்தைகளுக்கு, மிகச் சிலருக்குத்தான், கொரோனா வந்துபோய் இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் இது வருகிறது. வைரஸ் போய்விட்டது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. தோல், கண், குடல், இதயம் என்று ஒரே நேரத்தில் பல இடம் வீங்கிச் சிவக்கிறது. அதற்கு அழற்சி என்று பெயர். முதலில் வந்த கொரோனா லேசாக இருந்திருக்கலாம், தெரியாமலே போயிருக்கலாம். மூக்குப் பரிசோதனையில் பெரும்பாலும் இல்லை என்றே வரும். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். இனியாவுக்கு இருந்தது. குடல் வீங்குவதால் வயிற்று வலி குடல்வால் வலி மாதிரியே இருக்கும் என்றார். எக்கோ என்பது இதயத்தை ஸ்கேன் செய்வது. அதில் அவள் இதயம் பாதிப் பலத்தில்தான் இயங்கிக்கொண்டிருந்தது. இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய் ஒன்று லேசாகப் புடைத்திருந்தது.

"காலையில வயித்தக் கிழிச்சிருந்தாங்கன்னா?" என்று மாலதி கேட்டாள்.

அவர் தாளைப் புரட்டினார். பிறகு, "கிழிக்கலல்ல. அதப் பத்தி இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார்.

ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கூடவே அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து. அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்ள இன்னொன்று. கழுத்தில் ஒரு குழாய், கையில் இரண்டு. உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. மாலதி உள்ளே, நான் வெளியே நீளமான வராந்தாவில். அங்கே என்னைப் போல இருபது பேர் இருந்தார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் இருபது தலையும் திரும்பும்.

அன்று மாலை அண்ணன் போன் செய்தான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். சொன்னேன். அப்புறம், "டாக்டருங்ககிட்ட அப்பா விஷயம் எதுவும் சொல்லிடலியே? நம்ம ஊருக்கு போன் கீன் போட்டு விசாரிப்பாங்களான்னு கேட்டேன்" என்றான்.

வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. "ஒன் கடை எரிஞ்சு சாம்பலாப் போவட்டும்" என்றது நினைவிருக்கிறது. வாழ்க்கையில் அவனை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. போனை வைத்தேன். அப்புறம் யோசித்தேன். அவன் கேட்டது நான் செவ்வாய்க்கிழமை செய்ததைத்தான். அவன் கடைக்காகப் பயந்தான். எனக்கு அந்தக் காரணம்கூட இல்லை. அண்ணனோடு மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காக ஒரு டாக்டரிடம் பொய் சொன்னேன்.

அதற்காக அண்ணன் மேல் வந்த கோபம் நியாயமில்லை என்றும் நினைக்கவில்லை. நோய் வந்தவனைக் குற்றவாளி போல நடத்திய தெருவின் மேலும் கோபம் உண்டு. முதல் அலையில், இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பத்துக்குப் பால்காரர்கூடப் போகவில்லை. சொந்தக்காரர்கள் தின்பண்டத்தை வாசலில் எறிந்துவிட்டு ஓடினார்கள். அதையெல்லாம் பார்த்த மனிதர்கள் மறைக்காமல் என்ன செய்வார்கள்? மறைத்ததால் வந்த வினை யார் உடம்பில் போய் உட்கார்ந்தது? கடையும் இல்லாத, தெருவும் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பில்.

மறுநாள் காலையில் மாலதியின் தம்பி முருகேசன் வந்து நின்றான். வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றுப் பறித்துக் கட்டு கட்டாகக் கிடந்த நேரம். அதைப் பக்கத்து வயல்காரர்களிடம் விட்டுவிட்டு விடியுமுன் பைக்கிலேயே கிளம்பி வந்திருக்கிறான். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. "ஒங்களுக்கு மாத்துத் துணி இல்லல்ல மாமா" என்று ஒரு பையைக் கொடுத்தான். என் அண்ணி தன் வீட்டிலிருந்து மடித்து அனுப்பிய துணிகள் அவை. இவன் திருநள்ளாறு போய் வாங்கி வந்திருக்கிறான். உள்ளே ஒரு பாத்திரத்தில் புளிச்சோறு. அண்ணனுக்குத் தெரியாமல் கொடுத்தாளாம். நான் அதை அங்கேயே தரையில் உட்கார்ந்து தின்றேன். இரண்டு நாளில் முதல் சாப்பாடு. முருகேசன் அதிகம் பேசுகிறவன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அழுது முடிக்கும் வரை போனை நோண்டுவது போல் பாவனை செய்தான்.

மயக்க மருந்து டாக்டர் தினமும் மாலதிக்குப் போன் செய்தார். அவருக்கு அது வேலை இல்லை. அந்த மருத்துவமனையில் அவரிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. இரண்டு மாதம் கழித்து அவர் அங்கே இல்லை என்று கேள்விப்பட்டோம். வேறு நல்ல இடம் கிடைத்துப் போயிருக்கலாம். என்னால் அப்படி நினைத்துச் சமாதானம் ஆக முடியவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அழற்சி இருந்தால் ஏறும் ஒரு எண்ணை இரத்தத்தில் பார்ப்பார்கள். அது பாதியாக இறங்கியது. நாலாம் நாள் இனியா கண்ணைத் திறந்து, "ஊசி போட்டவங்க எல்லாரையும் போவச் சொல்லு" என்றாள். ஐந்தாம் நாள் இட்லி கேட்டாள். ஆறாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். விரல் நுனிகளில் தோல் வெங்காயச் சருகு போல உரிந்துகொண்டிருந்தது. அது நல்ல அறிகுறி, ஆறும்போது அப்படித்தான் என்றார்கள். அவள் அந்தச் சருகுகளைக் கவனமாகப் பிய்த்து மாலதியின் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீ ஏன் வெளியவே ஒக்காந்திருந்த?"

"உள்ள விடல கண்ணு."

"அம்மாவ மட்டும் விட்டாங்க?"

"அம்மாதான் சரியா பேசுனா" என்றேன். மாலதி நிமிர்ந்து பார்த்தாள். எட்டு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் என்னைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் இளகியிருந்தது. மன்னித்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். "போயி மூஞ்சக் கழுவிட்டு வாங்க, பாக்கச் சகிக்கல" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அப்பா திருநள்ளாற்றிலிருந்து ஆட்டோவில் வந்தார். அந்த நாட்களில் அவர் இளைத்துப் போயிருந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்று, "என்னாலதானே?" என்று கேட்டார். மாலதிதான் பதில் சொன்னாள். "நோவு யாருக்கும் வரும் மாமா. ஒங்களுக்கு வந்தது தப்பு இல்ல. இவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாயத் தொறக்காததுதான் தப்பு. உள்ள வாங்க." ஸ்டீராய்டால் இனியாவின் முகம் உப்பியிருந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து, எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு முதல் டாக்டரைப் பார்க்கப் போனேன். டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து போனேன். பாண்டிச்சேரியில் கொடுத்த அறிக்கையை மேசையில் வைத்தேன். முழுதாகப் படித்தார். இப்படி ஒரு நோய் இருப்பது தனக்குத் தெரியும் என்றார். பிறகு கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினார். வீட்டில் கோவிட் தொற்று இல்லை, தகவல் தந்தவர் தகப்பனார் என்று பதிவாகியிருந்தது.

"நான் கேட்டேன் சார். நீங்க இல்லன்னீங்க."

எதிர்பார்த்ததுதான். வழியெல்லாம் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"ஆமா, நான் பொய் சொன்னேன். அதுக்கு என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா என் மனைவி ஒங்ககிட்டப் பொய் சொல்லல. கண்ணப் பாருங்கன்னா. ஒதட்டப் பாருங்கன்னா. அது ஒங்க கம்ப்யூட்டர்ல எங்க இருக்கு?"

தேடிப் பார்ப்பது போல் திரையைப் பார்த்தார். இல்லை.

"அவங்க சொன்னத எழுதியிருந்தீங்கன்னா, என் பொய்யத் தாண்டி யாராவது ஒருத்தர் கண்டுபுடிச்சிருப்பாங்க."

"ஒரு நாளைக்கு எம்பது பேரப் பாக்குறேன் சார்" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். எண்பது பேரில் ஒருத்தியின் கண்ணை ஐந்து நொடி பார்க்க முடியாது என்றால் எண்பது பேரை ஏன் பார்க்க வேண்டும்? அதைக் கேட்டேன். அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார். நான் எழுந்து வந்தேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு வாரத்தில் ஒரு எக்கோ, ஆறு மாதத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அதே நூற்றி முப்பது கிலோமீட்டர். இரண்டாவது தடவை அந்தக் குழாயின் புடைப்பு வடிந்து, இதயம் முழுப் பலத்தில் அடிக்கிறது என்றார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தினார்கள். இனியா இப்போது ஓடுகிறாள், மரம் ஏறுகிறாள், என்னிடம் அடி வாங்காமல் தப்பிக்கிறாள். இது எல்லாக் குழந்தைகளுக்கும் அமைவதில்லை. அந்த வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த சீர்காழிப் பக்கத்துத் தம்பதி நாங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டார்கள். பிள்ளை இல்லாமல்.

அடுத்த அலை வந்து போன பிறகு ஒரு நாள், எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஷாஹிதா மாலதியைத் தேடி வந்தார். கணவர் குவைத்தில் வேலை. இங்கே மாமியாரும் நாலு வயது மகளும்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஒங்க பிள்ளைக்கு வந்துச்சே, அது மொதல்ல எப்படி இருந்துச்சு மாலதி?"

மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கண் சிவப்பாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் வந்து போனது. "யார்ட்டயும் சொல்லல. மாமி சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

நான் உள்ளே இருந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். "ஆட்டோ கூப்புடுறேன். பிள்ளையத் தூக்கிட்டு வாங்க."

"இப்பவேவா சார்? நாளைக்குக் காலையில…"

"இப்பவே."

மருத்துவமனைப் பதிவு மேசையில் நல்ல கூட்டம். எங்கள் தெருக்காரர்களே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெயர், வயது, என்ன தொந்தரவு என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "வீட்டுல யாருக்காவது கோவிட் வந்துச்சா?" ஷாஹிதா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். மாலதி அவர் தோளில் கை வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

"வந்துச்சுங்க" என்றார் ஷாஹிதா. "எல்லாருக்கும் வந்துச்சு. பாப்பாவுக்கும் வந்துச்சு. அஞ்சு வாரம் இருக்கும்."

எழுதிக்கொண்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். எக்கோவுக்குக்கூட ஏற்பாடு செய்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, இது சாதாரண வைரஸ் காய்ச்சல், கண் சிவப்பு ஒன்றுமில்லை, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். பிள்ளை ஷாஹிதாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தெரு முனை திரும்பியதும் சொன்னார்:

"ஒண்ணுமில்லாததுக்குப் போயி, தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு சார்."

"தெரியட்டும்மா" என்றேன்.